நாட்டு வெள்ளரிப் பிஞ்சு: விதை நம்மிடம் இருந்தால் விற்பனையும் நம் கையில்

செஞ்சி வட்டாரத்தில் பங்குனி பிறந்துவிட்டால் பாறை சுடத் தொடங்கிவிடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும் பகலில் வாங்கிய வெப்பத்தை இருட்டிய பிறகும் விடுவதில்லை. அந்த நாட்களில் பேருந்து நிலையத்திலும் வாரச்சந்தையிலும் கூறு வைத்து விற்கும் வெள்ளரிப் பிஞ்சைத் தேடி வாங்காதவர்கள் குறைவு. நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தால் குழந்தை முதல் பெரியவர் வரை மென்று தாகம் தீர்த்துக்கொள்வார்கள்.

இதே விரல் நீளப் பிஞ்சைத்தான் வெளிநாடுகளில் வினிகரிலும் உப்பு நீரிலும் ஊறவைத்து, புட்டியில் அடைத்து, 'கெர்கின்' என்ற பெயரில் சாப்பிடுகிறார்கள். பேர் புதிதாக இருந்தாலும் பயிர் நம்முடைய வெள்ளரிதான். ஊறுகாய்க்கு ஏற்றபடி குட்டையாக, முள்முள்ளாக, கெட்டியாகக் காய்க்கும் வெள்ளரி ரகங்களையே கெர்கின் என்கிறார்கள்.

கிணற்றுப் பாசனத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கோடையில் ஒன்றரை மாதத்தில் காசு பார்க்க உதவும் பயிர் நாட்டு வெள்ளரி. ஆனால் அந்த வருமானம் ஆண்டுதோறும் நிலைக்க வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, நம்மிடம் இருப்பது உண்மையில் எந்த வெள்ளரி என்பது. மற்றொன்று, அதன் விதையைக் கலப்பில்லாமல் எடுத்து வைப்பது எப்படி என்பது.

கெர்கின் சாகுபடி சொல்லித் தரும் பாடம்

இந்தியாவில் கெர்கின் சாகுபடியும் பதப்படுத்தலும் 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறிய அளவில் ஆரம்பமாயின. பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவின. இன்று உலகச் சந்தைக்குக் கெர்கின் அனுப்பும் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்திய வர்த்தக அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட கணக்குப்படி, 2020-21-ஆம் ஆண்டில் 2,23,515 டன் வெள்ளரியும் கெர்கினும் ஏற்றுமதியாயின. அதன் மதிப்பு 22.3 கோடி டாலர். சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகள் 65,000 ஏக்கரில் ஒப்பந்த முறையில் இதைப் பயிரிடுகிறார்கள். 90 நாள் பயிரில் ஏக்கருக்குச் சராசரியாக 4 டன் விளைச்சல், 80,000 ரூபாய் வரவு, செலவு போக 40,000 ரூபாய் நிகர வருமானம் என்று அந்தக் கணக்கு சொல்கிறது.

இது நல்ல வருமானம்தான். ஆனால் இந்தப் பயிரின் நடைமுறையை விவசாயி முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி வீரிய ஒட்டு விதையும் இடுபொருளும் கொடுக்கிறது. விலையை முன்கூட்டியே பேசிக்கொள்கிறது. பிஞ்சை எண்ணிக்கைத் தரம் பார்த்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோவுக்கு எத்தனை பிஞ்சு நிற்கிறது என்பதுதான் கணக்கு. கிலோவுக்கு 160-க்கு மேல் நின்றால் ஒரு விலை, 100-க்கு மேல் நின்றால் அதைவிடக் குறைந்த விலை, 60, 30 என்று எண்ணிக்கை இறங்க இறங்க விலையும் இறங்கும். சிறிய பிஞ்சுக்கே அதிக விலை. ஒருநாள் பறிப்பு தவறினால் முதல் தரத்தில் போக வேண்டிய பிஞ்சு இரண்டாம், மூன்றாம் தரத்துக்கு இறங்கிவிடும்.

கெர்கினுக்கு உள்ளூரில் சந்தை கிடையாது என்றே சொல்லலாம். கோணல் காயும் பருத்த காயும் திரும்பி வந்தால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். எனவே எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் யாரும் கெர்கின் விதைக்கக் கூடாது. ஒப்பந்தச் சாகுபடிக்கென்று தமிழ்நாடு 2019-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. விலை, தரம், எடுக்கும் இடம், திருப்பி அனுப்பும் விதிமுறை ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

நாட்டு வெள்ளரி அப்படியல்ல. பிஞ்சாகப் பறித்தால் மென்று தின்ன, கொஞ்சம் பெருத்தால் பச்சடிக்கு, கூட்டுக்கு, மேலும் முற்றினால் குழம்புக்கு, பழுத்தால் விதைக்கு. எந்த வயதிலும் அதற்கு ஓர் உபயோகம் உண்டு. விளைச்சல் வீரிய ஒட்டைவிடக் குறைவுதான். ஆனால் விதைக்குச் செலவில்லை, திருப்பி அனுப்புவாரும் இல்லை. கெர்கின் விவசாயிகளிடமிருந்து நாட்டு வெள்ளரி விவசாயி கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தினமும் பறிப்பது, அளவு வாரியாகப் பிரித்து விற்பது என்ற பழக்கம்தான் அது.

இங்கிருந்து போன விதை

வெள்ளரி பிறந்த நாடு இந்தியா. அதன் காட்டு உறவான, கடும் கசப்புள்ள சிறு வெள்ளரி இன்றும் இமயமலை அடிவாரத்தில் தானாக முளைக்கிறது. இங்கிருந்துதான் மேற்கே ஐரோப்பாவுக்கும் கிழக்கே சீனாவுக்கும் வெள்ளரி பரவியது. இன்று வெளிநாட்டுக் கம்பெனி விதையாக வந்து இறங்கும் கெர்கினும் அந்த வழியில் போய்த் திரும்பி வந்த பிள்ளைதான்.

நாட்டு விதையின் மதிப்பைக் காட்ட ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்லலாம். வெள்ளரிக்குப் பெரும் எதிரி அடிச்சாம்பல் நோய். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதற்கு எதிர்ப்புச் சக்தி தேடியபோது, இந்தியாவிலிருந்து சேகரித்து அங்குள்ள விதை வங்கியில் பி.ஐ. 197087 என்ற எண்ணில் வைத்திருந்த ஒரு வெள்ளரியில் அது கிடைத்தது. அந்த எதிர்ப்புத் தன்மையைப் புகுத்தி உருவாக்கிய ரகங்களில் ஒன்று 1966-இல் வெளிவந்த 'பாயின்செட்'. அந்த ரகம் பின்னர் இந்தியாவுக்கும் வந்து பயிரானது. 2004-இல் நோய்க் கிருமி புதுவடிவம் எடுத்து அந்த எதிர்ப்பை முறியடிக்கும் வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் அமெரிக்காவின் வெள்ளரித் தோட்டங்களை அந்த இந்திய விதை காத்தது. நம் ஊரில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் தொங்கும் விதை முடிச்சில் என்ன குணம் ஒளிந்திருக்கிறது என்பது விதைத்துப் பார்க்காமல் தெரியாது. அது அழிந்துவிட்டால் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

உங்களிடம் இருப்பது எந்த வெள்ளரி?

'வெள்ளரி' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பயிர்களை நாம் அழைக்கிறோம். ஒன்று, பச்சையாகத் தின்னும் வெள்ளரி. மற்றொன்று, முலாம்பழ இனத்தைச் சேர்ந்த வெள்ளரி. பழுத்ததும் வெடித்து மாவு மாவாக இருக்கும் வெள்ளரிப்பழம், சாம்பார் வெள்ளரி, வற்றல் போடும் சுக்காங்காய் எல்லாம் இந்த முலாம்பழ இனம். இவற்றின் பிஞ்சையும் சந்தையில் 'வெள்ளரிப் பிஞ்சு' என்றே விற்பதுண்டு.

இரண்டையும் பிரித்து அறிவது எளிது.

● பிஞ்சைத் தடவிப் பாருங்கள். வெள்ளரிப் பிஞ்சில் சிறு முள்ளும் புள்ளி புள்ளியான மேடும் தட்டுப்படும். முலாம்பழ இனப் பிஞ்சில் வெல்வெட் துணி போல மென்மையான சுணை இருக்கும்.

● இலையைப் பாருங்கள். வெள்ளரி இலையின் மடல்கள் கூர்மையாகக் கோணம் கோணமாக இருக்கும். முலாம்பழ இன இலை பெரும்பாலும் வட்டமாக இருக்கும்.

● பழுத்த காயை முகர்ந்து பாருங்கள். வெள்ளரி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுமே தவிர இனிய மணம் வராது. வெள்ளரிப்பழத்தில் மணம் தூக்கும்.

இதைத் தெரிந்துகொள்வது விதை எடுப்புக்கு மிகவும் முக்கியம். வெள்ளரிக்கு 14 குரோமோசோம்கள்; முலாம்பழ இனத்துக்கு 24. எனவே இரண்டும் பக்கத்துப் பாத்தியில் இருந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் நாட்டு வெள்ளரியும் கெர்கினும் ஒரே இனம். கடையில் விற்கும் வீரிய ஒட்டு வெள்ளரியும் அதே இனம். பக்கத்து வயலில் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், தேனீக்கள் ஒரே பருவத்தில் நாட்டு விதையைக் கலப்பாக்கிவிடும். அந்தப் பருவத்துப் பிஞ்சில் வித்தியாசம் தெரியாது. அடுத்த ஆண்டு விதைத்த பிறகுதான் தெரியவரும்.

5 சென்ட்டில் சாகுபடி

புதிதாகத் தொடங்குவோர் 5 சென்ட்டில் ஆரம்பிப்பது நல்லது. ஒரு குடும்பத்து ஆட்களே பறித்து விற்க அதுவே போதும்.

பருவம்: தை, மாசி விதைப்பு கோடை விற்பனைக்கு ஏற்றது. ஆனியிலும் விதைக்கலாம். மழைக்காலத்தில் பழ ஈத் தொல்லையும் அடிச்சாம்பல் நோயும் அதிகம் என்பதால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்க்கலாம்.

நிலம்: செஞ்சிப் பக்கத்துச் செம்மண் வெள்ளரிக்கு ஏற்றது. வடிகால் நன்றாக இருக்க வேண்டும். சம்பா அறுத்த வயலானால் இரண்டு உழவு போட்டு நன்றாகக் காயவிட வேண்டும்.

குழி: வரிசைக்கு வரிசை 5 அடி, குழிக்குக் குழி 2 அடி. இந்தக் கணக்கில் 5 சென்ட்டுக்குச் சுமார் 215 குழிகள் வரும். ஒவ்வொரு குழிக்கும் மக்கிய தொழு உரம் 2 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 100 கிராம் இட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும். மொத்தமாக அரை டன் தொழு உரம் தேவைப்படும்.

விதை: 30 கிராம் போதும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்பது விதைநேர்த்திக் கணக்கு. 30 கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை போதும். குழிக்கு 4 விதை ஊன்றி, இரண்டு இலை விட்டதும் வாளிப்பான இரண்டு செடிகளை வைத்துக்கொண்டு மற்றதைக் களைந்துவிட வேண்டும். வெள்ளரிச் செடியைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். அதனால் நகத்தால் கிள்ளி எடுப்பதே சரி.

தண்ணீர்: வெள்ளரி வேர் ஆழம் போகாது. பூவும் பிஞ்சும் வரும் நாட்களில் ஈரம் காயவிட்டால் பிஞ்சு கசக்கும், கோணும், நுனி சூம்பும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளவாகத் தண்ணீர் கட்ட வேண்டும். சொட்டுநீர் இருந்தால் இன்னும் நல்லது. வைக்கோலோ கரும்புத் தோகையோ மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். காயும் மண்ணில் படாது.

கொடி: தரையில் படரவிடலாம். குச்சி நட்டுக் கயிறு கட்டி ஏற்றினால் பிஞ்சு நேராகத் தொங்கும். பறிக்கும்போது கண்ணில் படாமல் தப்பும் காய்கள் குறையும்.

தேனீ: வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு கருகி உதிரும், அல்லது ஒருபக்கம் வீங்கிக் கோணும். எந்த மருந்தானாலும் பூக்கும் காலத்தில் காலையில் தெளிக்கக் கூடாது. பூ மூடிய பிறகு மாலையில் தெளிக்க வேண்டும்.

பூச்சி, நோய்: முக்கியமானவை மட்டும்

முளைத்த பத்து நாளில் சிவப்புப் பூசணி வண்டு இலையைச் சல்லடையாக்கும். விடியற்காலையில் வண்டு சோம்பி உட்கார்ந்திருக்கும்போது கையால் பிடித்து அழிக்கலாம். இலைமேல் சாம்பல் தூவலாம். அசுவினியும் வெள்ளை ஈயும் நோயைப் பரப்புபவை. மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். அரை கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டர் கரைசலாக்கினால் அதுதான் 5 சதவீதம். தேமல் கண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

பழ ஈ பிஞ்சைக் குத்தி முட்டையிடும். தாக்கிய பிஞ்சை வரப்பில் எறிவதுதான் பலரும் செய்யும் தவறு. புழு மண்ணுக்குள் போய் அடுத்த தலைமுறை ஈயாக வெளியே வரும். குழி தோண்டி ஆழமாகப் புதைக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி வாங்கும்போது 'கியூ-லூர்' என்று கேட்டு வாங்க வேண்டும். மாம்பழ ஈக்கு வைக்கும் 'மெத்தில் யூஜினால்' பொறியில் வெள்ளரி ஈ விழாது.

வெள்ளரிக் குடும்பப் பயிர்கள் எதற்கும் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் தூவக் கூடாது. இலை கருகிவிடும்.

பறிப்பும் விற்பனையும்

விதைத்த 40 முதல் 45 நாளில் முதல் பறிப்பு வரும். பூ மலர்ந்த 5 முதல் 7 நாளில் பிஞ்சு விற்பனைப் பதத்துக்கு வந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். வெயில் கடுமையான நாட்களில் தினமும் பறிப்பது நல்லது. ஒரு காய் கண்ணில் படாமல் முற்றிவிட்டால் அந்தக் கொடி புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். தொடர்ந்து பறித்தால் 80, 90 நாள் வரை காய்க்கும்.

வெள்ளரியில் பொதுவாக எக்டருக்கு 8 முதல் 10 டன் விளைச்சல். 5 சென்ட்டுக்கு இது 160 முதல் 200 கிலோ. பிஞ்சாகவே பறித்தால் எடை குறையும். ஆனால் கிலோ விலை கூடும். எண்ணிக்கையாகவும் கூறாகவும் விற்கும் பொருள் என்பதால் எடைக் குறைவு நட்டமாகாது.

விதைப்புத் தேதியை விற்பனை நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். செஞ்சியில் வெள்ளிக்கிழமை வாரச்சந்தை. ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன அந்தச் சந்தைக்கு விடியுமுன்பே வெளியூர்க் கூட்டம் வந்துவிடும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஒவ்வொரு அமாவாசைக்கும் மக்கள் திரள்கிறார்கள். மாசி மாத மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு இன்னும் பெருங்கூட்டம். செஞ்சிக் கோட்டையோ 2025 ஜூலையில், மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ராஜகிரி ஏறி இறங்குபவர்களுக்குத் தண்ணீரும் வெள்ளரிப் பிஞ்சும் வேண்டும். வரவிருக்கும் அமாவாசைக்கு 45 நாள் முன்பாக ஒரு பாத்தி, அதிலிருந்து 15 நாள் இடைவெளியில் அடுத்த பாத்தி என்று மூன்று தவணையாக விதைத்தால் மொத்தமும் ஒரே வாரத்தில் குவிந்து விலை சரியாது.

மாலையில் பறித்து, ஈரச் சாக்கு போர்த்தி, நிழலில் வைத்து, காலையில் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். விரல் அளவு, அதற்கு மேல், பச்சடிக் காய் என்று மூன்றாகப் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேட்கலாம். கலந்து கொட்டினால் பெரிய காயின் விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும்.

விதை எடுப்பது எப்படி?

முதல் விற்பனைக்கு முன்பே விதைச் செடிகளைக் குறித்துவிட வேண்டும். விற்றது போக மிஞ்சிய காயில் விதை எடுத்தால், கொடியின் கடைசிக் காய்களில், நோய் தாங்கிய காய்களில் விதை எடுத்ததாகிவிடும். சில ஆண்டுகளிலேயே ரகம் தேய்ந்துபோகும்.

● நோயில்லாத, நன்றாகக் காய்க்கும், கசப்பே இல்லாத செடிகளாக 15, 20 தேர்ந்தெடுத்து வண்ணக் கயிறு கட்டுங்கள். ஒரே செடியில் எடுத்தால் ரகத்தின் வலிமை குறையும்.

● அந்தச் செடிகளில் முதலில் வரும் சில பிஞ்சுகளைப் பறித்துவிட்டு, நடுப்பருவத்தில் கொடிக்கு இரண்டு காய் மட்டும் முற்றவிடுங்கள். இந்தச் செடிகளில் பிஞ்சு வருமானத்தை எதிர்பார்க்கக் கூடாது.

● சான்று விதைக்கு மற்ற வெள்ளரி வயலிலிருந்து 500 மீட்டர், ஆதார விதைக்கு 1,000 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு இடம் இல்லாதவர்கள் கைமகரந்தச் சேர்க்கை செய்யலாம். நாளை மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை இன்று மாலை நூலால் லேசாகக் கட்டுங்கள். அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. மறுநாள் காலை 6 முதல் 8 மணிக்குள் கட்டை அவிழ்த்து, வேறு செடியின் ஆண் பூவை இதழ் நீக்கிப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடியும் கட்டி, அடையாளத்துக்குக் கயிறு போடுங்கள். 20 காய்க்கு ஒரு மணி நேர வேலை.

● பூத்து 35 முதல் 45 நாளில் காய் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். பறித்து ஒரு வாரம் நிழலில் வைத்த பிறகு கீறி, விதையைச் சோற்றோடு வழித்து, ஒருநாள் முதல் இரண்டு நாள் புளிக்கவிடுங்கள். வழவழப்பு கரைந்ததும் தண்ணீரில் அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும்.

● நிழலில் மெல்லிய துணியில் காயவையுங்கள். வளைத்தால் 'பட்' என்று உடைய வேண்டும். காற்றுப் புகாத புட்டியில், அடுப்புச் சாம்பல் கொஞ்சம் சேர்த்து, ஊர்ப்பேரும் ஆண்டும் எழுதி வையுங்கள். காய்ச்சல் சரியாக இருந்தால் நாலைந்து ஆண்டு முளைப்புத்திறன் நிற்கும்.

நாம் எடுத்த விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக் கம்பெனிப் பெயரிட்டு விற்பது மட்டுமே கூடாது.

அடுப்படியில் வெள்ளரி

சந்தையில் மிஞ்சியதும் வீட்டில் காசாகும். கீழே உள்ளவை எல்லாம் வீட்டுப் பொருள்களில் முடிபவை.

உப்பு நீர்ப் பிஞ்சு: விரல் அளவுப் பிஞ்சு ஒரு கிலோ எடுத்துக் கழுவுங்கள். பூ இருந்த நுனியை ஒரு சீவல் சீவிவிடுங்கள். பிஞ்சைக் கொழகொழப்பாக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் கல்லுப்பைக் கரையுங்கள். நம் மாவட்டத்து மரக்காணம் கல்லுப்பே போதும். பீங்கான் ஜாடியில் பிஞ்சு, பூண்டு, கீறிய பச்சை மிளகாய், கடுகு போட்டு உப்பு நீரை ஊற்றி, பிஞ்சு மேலே மிதக்காதபடி சிறு தட்டால் அழுத்தித் துணி கட்டுங்கள். நம் வெயிலுக்கு நாலைந்து நாளில் புளிப்பு ஏறிவிடும். பிறகு குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மேலே வெள்ளை ஆடை படிந்தால் வழித்துவிடலாம். நூல் விட்டாலோ கெட்ட வாடை அடித்தாலோ தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

கடலைப் பச்சடி: கால் கிலோ பிஞ்சைப் பொடியாக நறுக்கி, ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், வறுத்துப் பொடித்த நிலக்கடலை இரண்டு கரண்டி சேர்த்து, கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். உப்பைச் சாப்பிடும் நேரத்தில் போட்டால்தான் தண்ணீர் விடாது. கேழ்வரகுக் களிக்கும் சோற்றுக்கும் ஏற்றது.

கூட்டு: பிஞ்சுப் பதம் தாண்டிய காயைத் தோல் சீவி நறுக்கி, வேகவைத்த பாசிப்பருப்போடு சேர்த்து, தேங்காய், சீரகம், காய்ந்த மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி விடுங்கள். காய் குழையக் கூடாது.

மோர் வற்றல்: பருத்த காயை நீளவாக்கில் கீறி விதையை எடுத்துவிட்டு, உப்புப் போட்ட புளித்த மோரில் ஓர் இரவு ஊறவையுங்கள். பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மீண்டும் அதே மோரில் போடுங்கள். மோர் முழுதும் வற்றும் வரை இப்படிச் செய்து, பிறகு சுக்காகக் காயவைத்து எடுத்தால் காய் கிடைக்காத ஐப்பசி மழையில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம். மகளிர் குழுக்கள் பாக்கெட் போட்டு விற்க ஏற்ற பொருள் இது.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள்

*பிஞ்சு கசக்கிறது. என்ன காரணம்?*

தண்ணீர்ப் பற்றாக்குறையும் கடும் வெயிலும் முதல் காரணம். கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலிலும்தான் அதிகம் சேரும். காம்பிலிருந்து ஓர் அங்குலம் நறுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். நன்றாகத் தண்ணீர் கட்டியும் ஒரு செடி மட்டும் கசந்தால் அது பிறவிக் குணம். அதில் விதை எடுக்காதீர்கள். நாக்கில் வைக்க முடியாத அளவு கசப்பானால் அந்தக் காயைச் சாப்பிடவே கூடாது, வயிற்றுப்போக்கு வரும்.

*பூ நிறைய வருகிறது, பிஞ்சு நிற்கவில்லையே?*

முதல் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூக்கள்தான் வரும், அது இயல்பு. பிறகும் பிஞ்சு நிற்காவிட்டால் தேனீ வருகிறதா என்று காலையில் பாருங்கள். தழைச்சத்து அதிகமானாலும் கொடி ஓடுமே தவிரக் காய்ப்புக் குறையும்.

*கடையில் வாங்கிய வீரிய ஒட்டு வெள்ளரியில் விதை எடுத்து விதைக்கலாமா?*

முளைக்கும், ஆனால் தாய்ச்செடி போலவே காய்க்காது. நீளம், நிறம், காய்ப்பு எல்லாம் சிதறும். சந்தைக்குப் பயிரிடுவோருக்கு அது உதவாது.

*பக்கத்தில் பாகலும் பூசணியும் இருக்கின்றன. வெள்ளரி விதை கலந்துவிடுமா?*

கலக்காது. பீர்க்கு, புடல், சுரை, வெள்ளரிப்பழம் எதுவும் வெள்ளரியோடு சேராது. மற்றொரு வெள்ளரியும் கெர்கினும் மட்டுமே கலக்கும்.

*நாட்டு வெள்ளரியைக் கெர்கின் கம்பெனி வாங்குமா?*

வாங்காது. அவர்கள் கொடுத்த விதையில் விளைந்ததையே எடுப்பார்கள். நாட்டு வெள்ளரி 20, 30 கிலோமீட்டருக்குள் விற்க வேண்டிய பயிர். ஏற்றுமதி ஆகும் என்று சொல்லி யாராவது விதை விற்றால் நம்பிவிடாதீர்கள்.

விதை இல்லாதவர்கள் முதலில் சொந்த ஊரில், சொந்தக்காரர் வீடுகளில் விசாரியுங்கள். வயதான பெண்கள் உள்ள வீடுகளில் சுரைக்குடுக்கையிலோ துணி முடிச்சிலோ பெரும்பாலும் இருக்கும். கிடைத்த விதையை அப்படியே முழுதும் விதைத்துவிடாமல் பாதியை எடுத்து வையுங்கள். முதல் ஆண்டு எந்த வெள்ளரி என்று பார்த்துத் தெளிந்து, 20 செடியிலிருந்து சுத்தமான விதை எடுங்கள். சந்தேகம் இருந்தால் பிஞ்சையும் இலையையும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகலாம். இரண்டாம் ஆண்டு 5 சென்ட், மூன்றாம் ஆண்டு தேவைக்கு ஏற்ப. வரும் தை விதைப்புக்கு, இந்த ஆடியிலிருந்தே விதை தேடத் தொடங்குவது நல்லது.